டபுள் டெக்கர் கட்டில்: பிள்ளைங்க வச்சிருக்கறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

கோலாலம்பூர்ல பதிமூணு வருஷமா கட்டில், அலமாரி டெலிவரி பண்ணி வீட்லயே ஃபிட்டிங் பண்ணிக் கொடுக்குற வேலைதான் பாக்குறேன். செந்தூல், கெப்போங், பூச்சோங், கிள்ளான்னு நம்ம லோரி போகாத தாமான் (குடியிருப்புப் பகுதி) கிடையாது. டபுள் டெக்கர் கட்டில், அதாவது ஒன்னு மேல ஒன்னா ரெண்டு அடுக்கு கட்டில், மாட்டிட்டு வந்தா மட்டும் அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப்ல கேள்வி வந்துரும், சில அக்காங்க வாங்குறதுக்கு முன்னாடியே கேப்பாங்க, அவங்க புத்திசாலிங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்ட கட்டிப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். சின்னப் பிள்ளைங்க படுக்குற கட்டில் பத்தி மட்டும்தான், ஹாஸ்டல் கட்டில் கதை வேற.

அண்ணே, எத்தனை வயசுல மேல படுக்க வைக்கலாம்?

ஆறு வயசு முடியாம வேணாம். அமெரிக்காவுல இதுக்கு ரூலே இருக்கு, ஆறு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைய மேல படுக்க வைக்கக் கூடாதுன்னு கட்டில்லயே லேபல் ஒட்டி விக்கணும். ஐரோப்பாவுலயும் அதே ஆறுதான். ஆஸ்திரேலியாக்காரன் இன்னும் கறார், ஒம்பது வயசுக்கு கீழ வேணாம்ங்கிறான். என் வீட்ல நான் வச்ச கணக்கு ஏழு, ஒன்னாம் ஆண்டு யூனிஃபார்ம் போட்ட பிறகுதான் மேல ஏறலாம்னு சொல்லிட்டேன். அப்படி ஒரு தேதி சொல்லிட்டா பிள்ளையும் தினமும் நச்சரிக்காது.

என் பையனுக்கு நாலு வயசுதான், ஆனா சூப்பரா ஏறுறான், இறங்குறான். அப்பவும் வேணாமா?

வேணாம். பகல்ல நீங்க பாக்குறப்ப எல்லாப் பிள்ளையும் சூப்பராத்தான் ஏறும். ராத்திரி மூணு மணிக்கு ஒன்னுக்கு வந்து கண்ணையே திறக்காம எந்திரிக்கும் பாருங்க, அப்ப தான் எங்க படுத்திருக்கோம்னே அதுக்குத் தெரியாது, தரையில படுத்திருக்கிற நினைப்புல காலை வெளிய வைக்கும். இன்னொரு காரணம் உடம்பு சைஸு. சின்னப் பிள்ளைக்கு உடம்பு ஒல்லி, தலை பெருசு, தடுப்புக் கம்பிக்கு இடையில கால் முதல்ல நுழையும், அப்புறம் இடுப்பு, அப்புறம் நெஞ்சு, தலை மட்டும் மாட்டிக்கும். அப்படியே தொங்கினா கழுத்து என்னாகும்னு நான் எழுத வேணாம்.

கீழ் கட்டில்ல நாலு வயசு படுக்கலாம், அதுல பிரச்சனை இல்ல. ஆனா அக்கா மேல படுத்தா தம்பி கீழயே இருப்பானா? கழட்டுற மாதிரி ஏணின்னா பகல்ல கழட்டி அலமாரிக்குப் பின்னாடி வச்சிருங்க. ராத்திரி அக்கா ஏறுறதுக்கு முன்னாடி திரும்பவும் மாட்டியே ஆகணும், மேல பிள்ளை இருக்கும்போது ஏணி இல்லாம விடவே கூடாது.

எங்க ரூம் பத்துக்குப் பத்து அடி. நடுவுல காத்தாடி இருக்கு. கட்டில் போடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இத எழுதவே உக்காந்தேன். வெளிநாட்டு விளம்பரத்துல காட்டுற ரூம்ல சீலிங் காத்தாடியே இருக்காது, நம்ம வீட்ல ரூமுக்கு ஒன்னு இருக்கும், அதுவும் அறுபது இஞ்சு.

கணக்க பாருங்க. ரூம் பத்து அடி, காத்தாடி நட்ட நடுவுல, அப்ப நடுவுல இருந்து சுவரு வரைக்கும் அஞ்சு அடி. அறுபது இஞ்சு காத்தாடின்னா நடுவுல இருந்து இறக்கை முனை வரைக்கும் ரெண்டரை அடி. மிச்சம் ரெண்டரை அடி. கட்டில் அகலம் மூணு அடி, கால், பலகை எல்லாம் சேத்தா இன்னும் கொஞ்சம் கூட வரும். சுவரோட ஒட்டி நீங்க எப்படிப் போட்டாலும் கட்டிலோட ஓரம் காத்தாடி இறக்கைக்குக் கீழதான் வரும். நாப்பத்தெட்டு இஞ்சு காத்தாடி மாத்துனா? அப்பவும் மூணு அடிதான் மிச்சம், ஓரம் இடிக்கும்.

இப்ப உயரத்த பாருங்க. மலேசியாவுல 1984 கட்டட விதிப்படி படுக்குற ரூம் உயரம் குறைஞ்சது 2.5 மீட்டர் இருக்கணும், நிறைய ஃப்ளாட்ல அந்தக் குறைஞ்ச அளவுதான் இருக்கும். காத்தாடி கம்பி ஒரு அடி இறங்குனா இறக்கை 2.2 மீட்டர்ல சுத்துது. மேல் மெத்தை சாதாரணமா 1.4 மீட்டர்ல இருக்கும். நடுவுல இருக்கறது எம்பது சென்டிமீட்டர். ஏழு வயசுப் பிள்ளை உக்காந்து சோம்பல் முறிச்சு கைய தூக்குனாலே அங்க போயிரும். எழுந்து நின்னா தலை சீலிங்ல முட்டும், அதுக்கு முன்னாடியே இறக்கை வந்துரும்.

போன வருஷம் ஒரு வீட்ல கட்டில மாட்டி முடிச்சிட்டு இதே கணக்க சொன்னேன், அந்த வீட்டு அப்பா நம்பல, பிள்ளைங்க விளையாடுற ரப்பர் பந்த கைல வச்சிக்கிட்டு மேல ஏறி உக்காந்து பந்த தூக்கிக் காட்டுனாரு. டப்புன்னு ஒரு சத்தம், பந்து அலமாரி மேல போய் விழுந்துச்சு. அப்புறம் அவரே சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு ஏணிய எடுத்துட்டு வந்தாரு.

காத்தாடிய கழட்டிட்டா வேக்காடு தாங்க முடியாதே தம்பி?

சீலிங் காத்தாடிய கழட்டிட்டு சுவர் காத்தாடி மாட்டுங்க, கூண்டு போட்டது, கட்டிலுக்கு எதிர் சுவத்துல. இருக்கற வயர் பாயிண்ட்டுக்கு எலக்ட்ரீசியன் வச்சுப் பண்ணுங்க, யூடியூப் பாத்துப் பண்ணாதீங்க. ரூம் பெருசா இருந்தா சீலிங் காத்தாடிய விட்டுட்டு கட்டில தள்ளிப் போடலாம், கட்டில் ஓரத்துல இருந்து இறக்கை முனை வரைக்கும் ரெண்டு மீட்டர் இருந்தா நான் கவலைப்பட மாட்டேன். பத்துக்குப் பத்து ரூம்ல அது நடக்காது.

ஏர்கோன் இருந்தா இன்னொரு விஷயம், அது நேரா மேல் கட்டில் தலைமாட்டுல ஊதுற மாதிரி இருந்தா பிள்ளைக்கு தினமும் மூக்கடைப்புதான். கால் பக்கம் வர்ற மாதிரி கட்டில திருப்பிப் போடுங்க.

டெரஸ் வீட்டு மாடி ரூம்ல மதியம் சூடு மேலதான் நிக்கும், கீழ படுக்குறவனவிட மேல படுக்குறவன் கூட வேர்ப்பான், அத ஒன்னும் பண்ண முடியாது.

மெத்தை எவ்ளோ தடிப்பு போடலாம்? எங்ககிட்ட நல்ல ஸ்பிரிங் மெத்தை ஒன்னு சும்மா கிடக்கு.

அந்த நல்ல மெத்தைதான் என் வீட்ல ஆப்பு வச்சது. சொல்றேன்.

மாமியார் வீட்ல எட்டு இஞ்சு ஸ்பிரிங் மெத்தை ஒன்னு புதுசா கிடந்துச்சு, வீணாப் போகுதேன்னு தூக்கிட்டு வந்து என் மவனோட மேல் கட்டில்ல போட்டேன். ஊருக்கெல்லாம் கட்டில் மாட்டுறவன், என் வீட்ல அளக்கல. பலகையில இருந்து தடுப்போட உச்சி வரைக்கும் பதினொரு இஞ்சு, அதுல எட்ட மெத்தை முழுங்கிருச்சு, மிஞ்சுனது மூணு இஞ்சு. ரெண்டாவது ராத்திரியே உருண்டு விழுந்துட்டான். நெத்தியில எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், விடிய விடிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சில உக்காந்திருந்தோம். ஒன்னும் ஆகல, ஆனா என் பொண்டாட்டி அந்த மெத்தைய பத்தி இன்னிக்கு வரைக்கும் பேசுறா.

அமெரிக்க ரூல்படி மெத்தைக்கு மேல தடுப்பு குறைஞ்சது 5 இஞ்சு நிக்கணும், ஐரோப்பா, ஆஸ்திரேலியாவுல 16 சென்டிமீட்டர், அது ஆறு இஞ்சுக்கு கொஞ்சம் மேல. நீங்க பெரிய கணக்கையே எடுத்துக்குங்க. சுலபமா சொல்லணும்னா மெத்தைய போட்டு, பெட்ஷீட் விரிச்சு, அதுக்கு மேல அளவு டேப்ப நிமித்தி வைங்க, தடுப்பு உச்சி ஆறரை இஞ்சுக்கு வரணும். பெரும்பாலான கட்டிலுக்கு நாலுல இருந்து ஆறு இஞ்சு ஃபோம் மெத்தை போதும். நல்ல கம்பெனி கட்டில்ல இதுக்கு மேல மெத்தை போகக் கூடாதுன்னு காலுல ஒரு கோடு போட்டிருப்பான், அந்தக் கோட்ட தேடிப் பாருங்க. மெத்தை மேல இன்னொரு டாப்பர் போடுறது, கம்பளத்த நாலா மடிச்சுப் போடுறது எல்லாம் அதே தப்புதான். கீழ் கட்டிலுக்கு எட்டு இஞ்சு தாராளமா போடலாம், என் மாமியார் மெத்தை இப்ப அங்கதான் இருக்கு.

சிங்கிள் மெத்தைன்னா எல்லாம் ஒரே சைஸ்தானே?

இல்ல, இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. நம்ம ஊர் சிங்கிள் மெத்தை மூணு அடி அகலம், ஆறே கால் அடி நீளம், அதாவது 91க்கு 190 சென்டிமீட்டர். ஐக்கியா கட்டில்ல பாத்தீங்கன்னா 90க்கு 200. முத்தியாரா டமன்சாராவோ, செராஸோ, பினாங்குல பத்து கவானோ, எந்த ஐக்கியா கடையில வாங்குனாலும் அந்த அளவுதான். ஐக்கியா கட்டில வாங்கிட்டு மெத்தைய மட்டும் பக்கத்துக் கடையில வாங்குனா கால்மாட்டுல பத்து சென்டிமீட்டர் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துல பிள்ளையோட கால் போகும், கை போகும், ரொம்பச் சின்னதுன்னா அதுக்கு மேலயும் போகும். தலகாணிய சொருகி அடைச்சிட்டோம்னு சொல்வாங்க, ரெண்டு நாள்ல அது நகந்துரும். கட்டில் எந்த அளவோ மெத்தையும் அந்த அளவு வாங்குங்க, அவ்ளோதான்.

தடுப்புக் கம்பிக்கு இடையில எவ்ளோ சந்து இருக்கலாம்?

அமெரிக்க ரூல் மூணரை இஞ்சுக்கு உள்ள, அதாவது 89 மில்லிமீட்டர். ஐரோப்பாவுல தடுப்புச் சந்து 75 மில்லிமீட்டர தாண்டக் கூடாது. கடையில டேப் இல்லன்னா ஒரு பால் டின் கொண்டு போங்க, தே தாரிக் டீக்குப் போடுற அதே கெட்டிப் பால் டின்தான், அதோட அகலம் சுமாரா மூணு இஞ்சு இருக்கும். டின் சந்துக்குள்ள லொடலொடன்னு போய் வந்துச்சுன்னா அந்தக் கட்டில விட்டுருங்க. கடை முதலாளி தவுக்கே ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும்.

தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவுல உள்ள சந்தையும் பாருங்க, அத யாரும் பாக்குறதில்ல.

சுவத்தோட ஒட்டித்தானே போடுறோம், அந்தப் பக்கமும் தடுப்பு வேணுமா?

வேணும். சுவத்தோட ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்காது, பிள்ளை ராத்திரி பூரா உருள உருள கட்டில் கொஞ்சம் கொஞ்சமா நகரும், நடுவுல ஒரு சந்து விழும், பிள்ளை அந்தச் சந்துல இறங்கி மாட்டிக்கும். 2000ல இருந்து அமெரிக்காவுல நடைமுறையில இருக்குற ரூல்ல ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டாயம், சுவத்துப் பக்கத் தடுப்பு இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் விடாம போகணும். ஏணி இருக்கற பக்கம் மட்டும் ஏறுறதுக்கு வழி விடலாம்.

மலிவுக் கட்டில்ல ஒரு பக்கத் தடுப்பு மட்டும் கொடுத்து முடிச்சிருவான். ரெண்டாவது தடுப்பு எங்கடான்னு நான் பெட்டிய உதறிப் பாத்த நாள் எத்தனையோ.

இரும்பு நல்லதா, மரம் நல்லதா?

ரெண்டுலயும் நல்லது இருக்கு, குப்பை இருக்கு. ஐநூறு வெள்ளிக்குள்ளயே (ரிங்கிட்டத்தான் வெள்ளிங்கிறோம்) இரும்புக் கட்டில் கிடைக்கும், ரப்பர் மரத்துல உருப்படியா வேணும்னா ஆயிரத்த தாண்டும். இரும்புல குழாயோட தடிப்பப் பாருங்க, கையால அமுக்குனா நெளியுற மாதிரி இருந்தா வேணாம், வெல்டிங் பண்ண இடத்த விரலால தடவுங்க, முள்ளு மாதிரி குத்துனா பிள்ளை தொடையைக் கிழிக்கும். மரத்துல நான் விரும்புறது ரப்பர் மரம்தான். மூவார்ல செய்யுற தளவாடத்துல பாதிக்கு மேல அந்த மரம்தான்னு நினைக்கிற அளவுக்கு வருது. என் தாத்தா எஸ்டேட்ல பால் மரம் சீவுனவரு, பால் வத்துன மரத்த முப்பது வருஷத்துல வெட்டித் தள்ளிருவாங்க, அந்தக் காலத்துல அது விறகுக்குப் போச்சு, இப்ப அவரோட கொள்ளுப் பேரன் அதுல படுத்துத் தூங்குறான். கெட்டியான மரம், ஸ்குரூ நல்லா பிடிக்கும். ஆனா மருந்து ஏத்தாம, நல்லா காய வைக்காம செஞ்சா சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். கட்டிலுக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பாருங்க, குண்டூசி முனை மாதிரி ஓட்டையும், மாவு மாதிரி தூளும் இருந்தா வேணாம்.

சிப் போர்டுல, அதாவது மரத்தூள அழுத்திச் செஞ்ச பலகையில செஞ்ச டபுள் டெக்கர மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நம்ம ஊர் ஈரத்துக்கு அது ஊதிரும், ஊதுன பலகையில ஸ்குரூ நிக்காது.

ஏணியா, படிக்கட்டா?

இடம் இருந்தா படிக்கட்டு, அதுல இழுப்பறை இருந்தா ஸ்கூல் பையும் உள்ள போயிரும். இடம் இல்லன்னா ஏணி, ஆனா செங்குத்தா நிக்கிறத விட சாஞ்சது நல்லது, படி தட்டையா அகலமா இருக்கணும், குச்சி மாதிரி உருண்டைப் படின்னா வெறும் கால் வலிக்கும், வலிக்கும்னு பிள்ளை ஏணிய விட்டுட்டு அலமாரி மேல காலை வச்சு ஏறும். சாக்ஸ் போட்டுக்கிட்டு ஏறக் கூடாது. ஏணிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு நைட் லைட் போடுங்க, மூணு மணி ஒன்னுக்குக் கதை ஞாபகம் இருக்கில்ல.

பாப்பாவுக்கு தொட்டில் மேல் கட்டில் கம்பியில கட்டிக்கலாமா? வேற இடமே இல்ல.

கட்டாதீங்க. செந்தூல்ல ஒரு ஃப்ளாட்டுக்கு கட்டில் கிறீச்னு சத்தம் போடுதுன்னு கூப்பிட்டாங்க, போய்ப் பாத்தா மேல் கட்டிலோட சைட் கம்பியில ஸ்பிரிங் போட்டு சேலைத் தொட்டில் ஆடிட்டு இருக்கு, உள்ள ஏழு மாசக் குழந்தை நல்ல தூக்கம், மேல ஒரு எட்டு வயசு மெத்தைல படுத்து கைபேசி பாத்துட்டு இருக்கான். பாட்டி கீழ உக்காந்து காலால ஆட்டிட்டு இருந்தாங்க. கம்பியும் காலும் சேர்ற இடத்துல போல்ட்ட தொட்டுப் பாத்தேன், விரலாலயே சுத்துது. கழட்டிப் பாத்தா வட்டமா இருக்க வேண்டிய ஓட்டை முட்டை மாதிரி நீண்டுபோச்சு. ஸ்பிரிங் ஒவ்வொரு தடவையும் இழுத்து விடுறப்ப குழந்தையோட எடைய விட கூட இழுக்கும், அதுவும் பக்கவாட்டுல. அந்தக் கட்டில் மேல இருந்து வர்ற எடைய தாங்கச் செஞ்சது, கீழ இழுக்குற ஊஞ்சலுக்குச் செஞ்சது இல்ல. "முப்பது வருஷமா தொட்டில் கட்டுறேன்யா"ன்னாங்க பாட்டி. வாஸ்தவம் ஆச்சி, அந்த முப்பது வருஷமும் வீட்டு உத்திரத்துல கட்டுனீங்கன்னேன். மூணு கால் வச்ச தொட்டில் ஸ்டாண்டு கடையில விக்குது, அத வாங்கி தனியா வைங்க.

இதோட சேத்து இன்னொன்னு. துண்டு, பெல்ட்டு, ஸ்கிப்பிங் கயிறு, பை வார், எதையும் கட்டில் கம்பியில மாட்டாதீங்க, பிள்ளைங்க அத கழுத்துல போட்டுக்கிட்டு சூப்பர்மேன் விளையாடுங்க. கழுத்துல தாயத்து கட்டுன கறுப்புக் கயிறு, செயின் எல்லாம் படுக்கும்போது கழட்டிருங்க. அது நீட்டிக்கிட்டு இருக்கிற போல்ட்டுல மாட்டிக்கிச்சுன்னா பிள்ளையால கத்தக்கூட முடியாது. அரைஞாண் பரவால்ல, ஆனா கழுத்துல வேணாம். கோயில்ல கட்டுனத எப்படிக் கழட்டுறதுன்னா கையில மாத்திக் கட்டுங்க, சாமி ஒன்னும் சொல்லாது.

அப்ப டிங்கி (டெங்கு) காய்ச்சலுக்கு பயந்து கொசுவலை கட்டலாமா?

மேல் கட்டில்ல சீலிங்ல இருந்து கயிறு கட்டித் தொங்க விடுற வலை வேணாம், மேல சொன்ன அதே காரணம்தான். ஜன்னலுக்கு வலை அடிச்சிருங்க.

ஜன்னல் பக்கம் போட்டா பிள்ளைக்கு காத்து வருமே?

கொண்டோவுல, அதாவது அடுக்குமாடி வீட்ல இருக்கீங்கன்னா யோசிக்கவே யோசிக்காதீங்க. மேல் கட்டில் உங்க ஜன்னல் விளிம்புக்கு மேல இருக்கு, பிள்ளை எட்டிப் பாக்க ஏற வேண்டிய அவசியமே இல்ல, அப்படியே சாஞ்சா போதும். கிரில் இல்லாத வீட்ல நான் ஜன்னல் பக்கம் மாட்டிக் கொடுக்கவே மாட்டேன்னு சொல்லி சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். கிரில் இருந்தாலும் திரைச்சீலைக் கயிறு, பிளைண்ட்ஸ் மணிக்கயிறு கைக்கு எட்டாத மாதிரி சுருட்டிக் கட்டிருங்க.

பழசு வாங்கலாமா? முகநூல்ல இருநூறு வெள்ளிக்கு ஒன்னு போட்டிருக்காங்க.

வாங்கலாம், ஆனா அவங்க கழட்டுறதுக்கு முன்னாடி போய்ப் பாருங்க. பிரிச்சு அடுக்கி வச்ச கட்டில வாங்குனா என்ன குறையுதுன்னு உங்க வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். நின்னபடி இருக்கும்போது ஒரு காலை பிடிச்சு ஆட்டுங்க, குறுக்குப் பலகைய எண்ணுங்க, ஒவ்வொரு பலகையும் ரெண்டு பக்கமும் ஸ்குரூ போட்டிருக்கான்னு பாருங்க. வெறுமனே வச்ச பலகை, கீழ படுக்குறவன் காலால ஒரு உதை விட்டா மேல எழும்பி இடம் மாறும், அப்புறம் மேல உள்ளவன் அப்படியே கீழ. ஆணி அடிச்சு ஒட்டுப் போட்டது, கம்பியால சுத்திக் கட்டுனது எல்லாம் வேணாம்.

மூட்டைப்பூச்சி முக்கியம். இரும்புக் குழாய் வாயில உள்ள பிளாஸ்டிக் மூடிய கழட்டி உள்ள பாருங்க, அங்கதான் குடும்பம் நடத்தும். கறுப்பா புள்ளி புள்ளியா இருந்தா காசு கொடுத்தாலும் தூக்கிட்டு வராதீங்க.

தீபாவளிக்கு சொந்தக்காரப் பிள்ளைங்க வந்தா எத்தனை பேர் மேல படுக்கலாம்?

ஒருத்தர். அங்கிள், எல்லாம் குட்டிப் பிள்ளைங்கதானேன்னு கேப்பீங்க. நாலு குட்டிப் பிள்ளைங்க குதிச்சா அது நாலு குட்டிப் பிள்ளைங்களோட எடை இல்ல. எவ்ளோ தாங்கும்னு லேபல்ல கிலோ கணக்கு போட்டிருப்பான், அது அமைதியா படுக்குற எடைக்கு. வர்ற பிள்ளைங்களுக்கு ஹால்ல பாய் விரிச்சிருங்க, அதுங்களுக்கும் அதான் ஜாலி.

ஆறு மாசத்துல ஆட ஆரம்பிச்சிருச்சு, கட்டில் மோசமா?

பெரும்பாலும் போல்ட்டு லூசாயிருக்கும். மாட்டுன ஒரு மாசத்துல ஒரு தடவை, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல் சாவி போட்டு எல்லாத்தையும் முடுக்குங்க. அந்த எல் சாவிய எல்லாரும் தொலைச்சிருவாங்க, மெத்தைக்கு அடியில செலோடேப் போட்டு ஒட்டி வைங்க. முடுக்கியும் ஆடுச்சுன்னா ஓட்டை பெருசாயிருச்சுன்னு அர்த்தம், அப்ப மேல யாரையும் படுக்க வைக்காம ஆளக் கூப்பிடுங்க. செங்கல் சுவர்னா ப்ளக் போட்டு சுவத்தோட ஒரு பிராக்கெட் அடிச்சிட்டா ஆட்டம் நல்லா குறையும், வாடகை வீடுன்னா வீட்டுக்காரர்ட்ட கேட்டுட்டு ட்ரில் போடுங்க.

விழுந்துட்டா என்ன பண்றது?

நான் டாக்டர் இல்ல, என் மவன் விழுந்த அன்னிக்கு எமர்ஜென்சில சொன்னத சொல்றேன். மயக்கம் போட்டா, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா, எழுப்புனா எந்திரிக்காம தூங்கிக்கிட்டே இருந்தா, வலிப்பு வந்தா, காதுல மூக்குல ரத்தமோ தண்ணி மாதிரியோ வந்தா, ஒரு கை கால் சரியா அசையலன்னா, பேச்சு குழறுனா, அப்பவே ஆஸ்பத்திரி, 999 கூப்பிடுங்க. கழுத்து வலிக்குதுன்னு சொன்னா தூக்காதீங்க, அப்படியே படுக்க வச்சு ஆம்புலன்ஸ் வரட்டும். ஒன்னும் இல்லாத மாதிரி எந்திரிச்சு விளையாடுனாலும் ஒரு நாள் பூரா கண்ணு வச்சிக்கணும். தைலம் தேச்சுவிட்டு தூங்க வச்சிட்டோம்னு விட்டுறாதீங்க. கட்டில் உயரத்துல இருந்து விழுந்ததுன்னு டாக்டர்ட்ட சொல்லணும், பல பேர் வெக்கப்பட்டுக்கிட்டு வழுக்கி விழுந்துட்டான்னு சொல்றாங்க.

கட்டில் வந்தப்பவே பலகை உடைஞ்சிருந்துச்சு, கடையில மாத்தித் தர மாட்டேங்கிறாங்க.

பெட்டிய பிரிக்கறதுல இருந்தே படம் எடுத்து வைங்க, ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீங்க. பேசிப் பாத்தும் ஒத்து வரலன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, திரிபுனால் துந்துத்தான் பெங்குனான்னு மலாய்ல சொல்வாங்க. 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் தேவையில்ல. தீர்ப்பாயம்னு சொன்னதுமே பலகை வந்து சேந்த கதையும் உண்டு.

எல்லாம் படிச்சா பயமா இருக்கு, வேற வழி இல்லயா?

இருக்கு. புல் அவுட் கட்டில், பகல்ல ஒன்னுக்கு அடியில ஒன்னு போயிரும், ராத்திரி இழுத்துக்கலாம். காத்தாடியும் கழட்ட வேணாம், ஏணியும் வேணாம். எழுநூறு சதுர அடி பிபிஆர் (அரசாங்க மலிவு வீட்டுத் திட்டம்) ஃப்ளாட்ல கூட அடக்கமா நிக்கும். ரெண்டு பிள்ளையும் ஆறு வயசுக்கு கீழன்னா நான் இதத்தான் சொல்வேன், டபுள் டெக்கர் விக்கிற கடைக்கு லோரி ஓட்டிக்கிட்டே சொல்றேன். ஆனா இழுக்குறதுக்கு முன்னாடி ரூம்ல எவ்ளோ தரை மிச்சம்னு அளந்துக்குங்க, அலமாரிக் கதவு திறக்கணுமில்ல.

அடுத்த மாசம் வீடு மாறுறோம், கட்டில நாங்களே கழட்டலாமா?

கழட்டலாம், மெத்தைய முதல்ல எடுத்துட்டு மேல இருந்து கீழ வாங்க, ரெண்டு பேர் வேணும். கழட்டுறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் படம் எடுத்துக்குங்க. ஒவ்வொரு காலுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி இடது, வலது, தலைமாடு, கால்மாடுன்னு எழுதுங்க. போல்ட்டு எல்லாத்தையும் ஒரே பையில கொட்டாதீங்க, நீளம் வேற வேற, நீளம் மாறிப் போட்டா உள்ள பிடிக்காம நிக்கும், வெளிய பாத்தா முடுக்குன மாதிரியே தெரியும். பூட்டு போட்ட பிளாஸ்டிக் பைல தனித்தனியா போட்டு, எந்தக் காலோ அந்தக் காலோடயே டேப் சுத்தி ஒட்டிருங்க. புது வீட்டுக்குப் போனதும் முதல்ல சீலிங்க நிமிந்து பாருங்க, காத்தாடி எங்க இருக்குன்னு.